பழைய டி.வி. கேம் புது எல்.இ.டி. டி.வி.யில் ஏன் மங்குது? இலவச டி.வி.யை எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தால், சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இரண்டு சாமான்கள் சேர்ந்தே கீழே இறங்குகின்றன. ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டி.வி. கேம் பெட்டி, கூடவே ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் கேசட். இன்னொன்று, 2006-க்கும் 2011-க்கும் நடுவில் ரேஷன் கார்டைக் காட்டி வாங்கிய 14 இன்ச் இலவச கலர் டி.வி.

கேம் பெட்டி ஹாலுக்குப் போகிறது. டி.வி. காயலான் கடைக்காரர் வண்டியில் ஏறுகிறது. அதற்கப்புறம்தான் வினை. சுவரில் மாட்டிய 43 இன்ச் 4கே டி.வி.யில் அந்த கேமைச் சொருகினால், மரியோவின் முகம் ஈரத்துணியால் துடைத்த கோலம் மாதிரி கலங்கித் தெரிகிறது. ஜம்ப் பட்டனை அழுத்தினால் ஒரு நொடி யோசித்துவிட்டுக் குதிப்பது போல இருக்கிறது. "பழசாயிடுச்சு, அவ்ளோதான்" என்று பெட்டியைத் திரும்பப் பரணில் போடுபவர்கள் உண்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டி, படம் இன்னும் மோசமானதைப் பார்த்து நொந்தவர்களும் உண்டு.

பெட்டி பழுதாகவில்லை. புது டி.வி.யிலும் கோளாறு இல்லை. பெட்டி அனுப்பும் சிக்னலை டி.வி. வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்கிறது. அதைச் சரிசெய்வதில் பாதி வேலைக்குக் காசே தேவையில்லை. மீதிப் பாதிக்குச் சரியான மருந்து, இப்போது எடைக்குப் போன அந்த டி.வி.யாகவே இருக்கலாம்.

240 கோடுகளின் கதை

நம்ம ஊரில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த டி.வி. கேம்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இயந்திரத்தின் நகல்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம்தான் அந்த மூலம். அது வரையும் படம் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 கோடு. இன்றைய 4கே டி.வி.யில் நெடுக்கே 2,160 கோடு.

"சின்னப் படத்தைப் பெரிசாக்கினா மங்கத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். அது பாதி உண்மைதான். கணக்குப் பார்த்தால் 2,160 என்பது 240-இன் சரியான 9 மடங்கு. ஒவ்வொரு கோட்டையும் 9 தடவை வரைந்தால் கத்தி வெட்டின மாதிரி படம் வரவேண்டும். ஃபுல் எச்.டி. டி.வி.யில் கணக்கு 4.5 மடங்கு. பல வீடுகளில் இருக்கும் 32 இன்ச் 'எச்.டி. ரெடி' டி.வி.யில் 768 கோடு, அதாவது 3.2 மடங்கு. அரைக் கோடு வரைய முடியாது என்பதால் டி.வி. பக்கத்துக் கோடுகளைக் கலந்து பூசிவிடுகிறது. அப்படியானால் 4கே டி.வி.யிலாவது பளிச்சென்று தெரியணுமே, ஏன் தெரியவில்லை?

பழைய பிக்சர் டியூப் டி.வி.க்கான ஒளிபரப்பில், ஒரு படத்தை இரண்டு தவணையாக அனுப்புவார்கள். முதல் தவணையில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். இந்தியாவில் ஓடிய முறைக்குப் பெயர் பால் (குடிக்கிற பால் இல்லை). அதில் நொடிக்கு 50 தவணை. கேம் பெட்டிக்காரர்கள் இதில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். இரண்டு தவணையையும் ஒரே இடத்திலேயே வரையச் சொன்னார்கள். கோடு பாதியானாலும் ஒவ்வொரு தவணையும் ஒரு முழுப் படம். டெக்னிக்கலாக இதை 240பி என்பார்கள். பிக்சர் டியூபுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சொன்ன இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விடும்.

புது டி.வி.க்குள் இருக்கும் சிப்புக்கு இந்தக் குறுக்குவழி தெரியாது. டி.வி. ஒளிபரப்பின் விதிமுறையில் 240பி என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் வருவது வழக்கமான இரண்டு தவணைப் படம் என்று பல டி.வி.கள் முடிவு செய்து, தனித்தனியான இரண்டு முழுப் படங்களைச் சீப்பின் பற்கள் மாதிரி கோர்த்துவிடுகின்றன. ஓடுகிற மரியோவின் ஓரம் கிழிந்த மாதிரி தெரிவது இதனால்தான். கான்ட்ராவில் செத்துப் பிழைத்து வரும் வீரர் மினுக் மினுக்கென்று சிமிட்டுவார் இல்லையா? அந்தச் சிமிட்டல் இந்தக் குழப்பத்தில் கோடு கோடாக மாறலாம், சில டி.வி.யில் ஆளே காணாமல் போகலாம்.

மஞ்சள் வயரும் சும்மா இல்லை. வெளிச்சம், கலர் இரண்டையும் ஒரே வயரில் கலந்து அனுப்பும் முறை அது. கலந்ததைத் திரும்பப் பிரிக்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளிகள் ஓடும். ஃபேமிகாம் வகைப் பெட்டியில் படம் வரையும் சிப்பே இந்தக் கலப்பட சிக்னலைத்தான் உற்பத்தி செய்கிறது. அதைவிடச் சுத்தமான சிக்னல் பெட்டிக்குள் எங்குமே இல்லை. அதனால் "தங்க முலாம் பூசிய எச்.டி. கேபிள்" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். கிணற்றிலேயே கலங்கிய தண்ணி, குழாயை மாற்றினால் தெளியாது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. 14 இன்ச் டி.வி.யில் மரியோவின் ஒரு புள்ளி, உயரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 43 இன்ச்சில் அதே புள்ளி 2 மில்லிமீட்டருக்கு மேல். பழைய மாதிரியே தெரியணும் என்றால் இரண்டரை மடங்கு தள்ளி உட்கார வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியோடு வந்த ஜாய்ஸ்டிக் வயரின் நீளம் தெரியும்தானே?

பட்டனை அழுத்தினால் ஏன் லேட்?

விளையாடுபவர்களுக்குப் படத்தைவிட இதுதான் பெரிய எரிச்சல். பிக்சர் டியூபில் சிக்னல் வர வர அப்படியே கோடாக விழும், காத்திருப்பு கிடையாது. புது டி.வி. முதலில் படத்தை வாங்கி வைத்து, கோர்த்து, பெரிசாக்கி, கலரை ஏற்றி, அசைவை வழுவழுப்பாக்கி, அப்புறம்தான் காட்டும். இந்த அலங்காரத்துக்கு 50 முதல் 100 மில்லிசெகண்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். பால் முறையில் ஒரு தவணைக்கு 20 மில்லிசெகண்ட்தான். அதாவது திரையில் பள்ளம் தெரியும்போது, பெட்டிக்குள் மரியோ ஏற்கெனவே அதில் விழுந்திருப்பார்.

சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் சத்தத்தையும் டி.வி. அதே அளவு தாமதித்துக் கொடுக்கும். கேமில் உங்கள் விரலைத் தாமதிக்க முடியாதே!

முதலில் ரிமோட்டை எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், ஏ.வி. இன்புட்டில் கேம் ஓடும்போதே டி.வி. செட்டிங்கைத் திறந்து பாருங்கள். பிக்சர் மோடை 'கேம்' என்று மாற்றுங்கள். புது பிளேஸ்டேஷன் போன்றவற்றை மாட்டினால் பல டி.வி.கள் தானாகவே கேம் மோடுக்குப் போய்விடும். மஞ்சள் வயரில் அந்தத் தகவல் போகாது, கையால்தான் மாற்றணும். சில மாடல்களில் ஏ.வி. இன்புட்டுக்கு கேம் மோடே கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் மோஷன், நாய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று பெயர் வைத்திருக்கும் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். தாமதம் முழுசாகப் போகாது, குறையும்.

ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினால் படம் தெளியும் என்பது ஒரு மூடநம்பிக்கை. கூட்டினால் ஓரத்து எறும்புகள்தான் கூடும். கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறக்குங்கள். அடுத்து, திரை அளவை 16:9-இலிருந்து 4:3-க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், "இவ்ளோ பெரிய டி.வி. வாங்கி எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். பரவாயில்லை. மரியோ குண்டாகத் தெரிவது நிற்கும், ஒவ்வொரு புள்ளியும் சரியான வடிவத்துக்கு வரும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். கலர் சிஸ்டம் என்ற இடத்தில் 'ஆட்டோ' வையுங்கள். பெட்டி பாலா, அமெரிக்க, ஜப்பான் முறையான என்.டி.எஸ்.சி.யா என்று டி.வி. தானே கண்டுபிடிக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. சில டி.வி.களில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளை. இன்புட்டில் 'காம்பொனென்ட்' தேர்வாகியிருந்தால் மஞ்சள் வயரின் வெளிச்சம் மட்டும் வரும், கலர் வராது. 'ஏ.வி.' என்று மாற்றினால் வந்துவிடும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளே இல்லை என்கிறீர்களா? டி.வி.யின் பக்கவாட்டில் ஹெட்போன் துளை மாதிரி ஒன்று, 'ஏ.வி. இன்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்று கலர் வயரை அந்த ஒற்றைத் துளைக்கு மாற்றும் ஒரு கேபிள் டி.வி. பெட்டிக்குள்ளேயே வந்திருக்கும், பாதி வீடுகளில் அது தெர்மோகோலோடு குப்பைக்குப் போயிருக்கும். கடையில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எந்த வளையத்தில் படம், எதில் எர்த் என்பது எல்லா கேபிளிலும் ஒன்றல்ல. படம் வராமல் கர்ரென்று சத்தம் மட்டும் வந்தால், டி.வி. கெட்டுப்போகவில்லை, கேபிள் பொருந்தவில்லை. மஞ்சளைச் சிவப்பில் சொருகிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே படம் வந்துவிடும். இல்லையென்றால் கேபிளை மாற்றித்தான் ஆகணும்.

அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி

ஏ.வி. துளையே இல்லாத டி.வி.களும் இப்போது வருகின்றன. செட்டாப் பாக்ஸ் எச்.டி.எம்.ஐ.க்கு மாறி, டி.வி.டி. பிளேயரும் ஓய்ந்த பிறகு, கம்பெனிகளுக்கு அந்தத் துளை தண்டச்செலவு. இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, 1080பி என்று எழுதிய கன்வெர்ட்டர்.

வாங்கும்போது நடக்கும் முதல் தப்பு, திசை. ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு ஒன்று, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு இன்னொன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாற்றி வாங்கினால் படமே வராது. திசை சரியாக இருந்தாலும் அசல் பிரச்சினை தீரவில்லை. 240பி-யைத் தப்பாகக் கோர்க்கும் அதே வேலையை இந்தப் பெட்டியும் செய்கிறது. அது கலக்கிப் பெரிசாக்கிக் கொடுத்ததை டி.வி. இன்னொரு தடவை பெரிசாக்கும். தாமதமும் இரண்டு இடத்தில் சேரும். 1080பி என்பது வெளியே போகும் சைஸ், தரம் இல்லை. டி.வி.யில் ஏ.வி. துளை இருக்கிறவர்கள் இதை வாங்குவது அநேகமாக வீண். துளையே இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை என்ற அளவில் மட்டும் சரி.

சரியாகச் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. 240பி-யை 240பி என்றே புரிந்துகொண்டு, கோடுகளைச் சுத்தமாகப் பெருக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதத்தில் கொடுப்பவை. ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் என்பவை உலகம் முழுக்க இந்த ஆர்வலர்களிடம் பிரபலம். ஆனால் ஓ.எஸ்.எஸ்.சி. மஞ்சள் வயரை நேரடியாக ஏற்காது, நம்ம ஊர் டி.வி. கேமுக்கு அது ஆகாது. ரெட்ரோடிங்க் ஏற்கும். அதன் 4கே மாடல் 2023-இல் வந்தபோது விலை 750 டாலர், அன்றைய மதிப்பில் 60 ஆயிரம் ரூபாய்க்கு மேல், சுங்கவரி தனி. மாட்டப்போகும் டி.வி.யைவிட மாட்டுகிற டப்பா விலை அதிகம்! விலை குறைந்த மாடல்கள் உண்டு என்றாலும், 240 கோட்டு மரியோவுக்காக ஒரு நடுத்தரக் குடும்பம் வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் பாடு பரவாயில்லை. 2000-இல் வந்து 2013 வரை உற்பத்தியில் இருந்த அந்த மெஷினுக்குள் மஞ்சள் வயரைவிடச் சுத்தமான சிக்னல் இருக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்பொனென்ட் கேபிளோ, பின்னால் சொருகும் குட்டி எச்.டி.எம்.ஐ. அடாப்டரோ போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முதலில் மஞ்சள் வயரிலேயே போட்டு, சிஸ்டம் செட்டிங்கில் காம்பொனென்ட் வீடியோ அவுட்டை 'ஒய் சி.பி.' என்று தொடங்கும் தேர்வுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் வயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கலர் தாறுமாறாக வரும்.

எமுலேட்டரிலோ, எச்.டி.எம்.ஐ.யில் சொருகும் கேம் ஸ்டிக்கிலோ அதே கேமை விளையாடினால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் "நான் ஸ்கூல் படிக்கும்போது சுலபமா முடிச்ச லெவல் இப்போ முடியல" என்று புலம்பல் கேட்கும். வயசு மட்டும் காரணமில்லை. நம்ம ஊரில் ஓடிய பால் வகைப் பெட்டிகளில் நொடிக்கு 50 படம், எமுலேட்டரில் பெரும்பாலும் 60. கேம் 20 சதவீதம் வேகமாக ஓடுகிறது.

காயலான் வண்டியில் போனது என்ன?

இப்போது அந்த 14 இன்ச் டி.வி.க்கு வருவோம். 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி அது. கருணாநிதி தலைமையிலான அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் வழங்கத் தொடங்கி, 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டி.வி.களைக் கொடுத்தது. ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது. அந்த டி.வி.க்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலை 5-ஆம் தேதி சுப்பிரமணியம் பாலாஜி வழக்கின் தீர்ப்பாக முடிந்தது. இன்றைக்கும் இலவசங்கள் பற்றிய எந்த விவாதத்திலும் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 87 வீடுகளில் டி.வி. இருந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்களில் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கலர் டி.வி. அதுதான், பிள்ளைகள் கேம் விளையாடியதும் அதில்தான். கேம் பாதியில் கரன்ட் போய், சேவ் வசதி இல்லாத கான்ட்ராவை முதலிலிருந்து ஆரம்பித்த 2012 மின்வெட்டுக் காலமும் அந்த டி.வி. முன்னால் கழிந்ததுதான்.

அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், 60 ஆயிரம் ரூபாய்க் கருவி கஷ்டப்பட்டுச் செய்வதை அந்த டி.வி. பிறவியிலேயே செய்கிறது. 240பி-யைத் தப்பாகப் படிக்காது, தாமதம் கிடையாது, 4:3 வடிவம், புள்ளிகளை இதமாகக் கரைத்துக் காட்டும் கண்ணாடி. அந்தக் காலத்து ஓவியர்கள் இந்தக் கரைசலை மனதில் வைத்தே கலரைப் பொறுக்கி வைத்தார்கள். டக் ஹன்ட் துப்பாக்கி இருந்தால் வித்தியாசம் உடனே புரியும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைத் தேடும். புது டி.வி.யில் வெள்ளைக் கட்டம் லேட்டாக வருவதால் ஒரு வாத்துகூட விழாது. எந்தக் கன்வெர்ட்டர் போட்டாலும் விழாது.

இனி இப்படி ஒரு டி.வி.யைப் புதுசாக வாங்கவும் முடியாது. பிக்சர் டியூப் செய்த கடைசி நிறுவனங்களும் 2010-களின் நடுவில் கடையைக் கட்டிவிட்டன. வெளிநாடுகளில் ரெட்ரோ ஆர்வலர்கள் நல்ல நிலையில் உள்ள பழைய டியூப் டி.வி.களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். நம்ம ஊரில் அதை உடைத்துச் செம்புக் கம்பியை உருவுகிறோம்.

அதற்காக எல்லோரும் பழைய டி.வி.யைக் கட்டிக்காக்க வேண்டும் என்பதில்லை. இடம் அடைக்கும், கரன்ட்டும் இழுக்கும். ஆனால் வீட்டில் கேம் பெட்டி இருந்து, டி.வி.யும் ஆன் ஆகிறது என்றால், எடைக்குக் கிடைக்கும் காசுக்காக அதைக் கொடுப்பது நஷ்டக் கணக்கு. பல வருஷம் சும்மா கிடந்திருந்தால் நேராக பிளக்கில் சொருகாமல், ஒரு டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு தூசி தட்டி, கண்டென்சர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20 ஆயிரம் வோல்ட் அளவு, ஸ்விட்சை அணைத்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். ஏ.வி. துளை இல்லாத மாடலாக இருந்தால், கேம் பெட்டியின் ஆன்டெனா வயரைப் போட்டு சேனலை டியூன் செய்தாலும் ஓடும், படம் ஒரு படி குறையும்.

டி.வி. செத்தேபோயிருந்தால் கதை வேறு. டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. தெருவோரத்தில் கல்லால் உடைத்து, கம்பியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஓடையில் கொட்டினால் அந்த ஈயம் மண்ணில்தான் சேரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் மின்கழிவு விதிகள், டி.வி.யைத் தயாரித்த நிறுவனங்கள் மேல் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. தமிழ்நாடு 2010-லேயே மின்கழிவுக்குத் தனிக் கொள்கை வெளியிட்ட மாநிலம். ஆனால் ஒன்றரைக் கோடி டியூபை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வேகத்தில், அவற்றைத் திரும்ப வாங்க எந்த வண்டியும் தெருவுக்கு வரவில்லை. வருவது காயலான் வண்டி மட்டும்தான். அதில் போடுவதற்குப் பதில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் பக்கத்தில் எது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, டியூபை உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள். மின்கழிவு முகாம் என்று மாநகராட்சியோ நகராட்சியோ அறிவித்தால் அங்கேயும் கொடுக்கலாம். கேம் பெட்டியோட வயரைக் கழற்றி வைத்துக்கொள்ள மறந்துடாதீங்க.